நகர நடுவே நிழல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சந்தூரில் மாங்கன்று நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்தே ஒட்டுக் கட்டுவதுதான் எங்களுக்குச் சோறு போடுகிற தொழில். உங்கள் நாளிதழில் எந்த ஊரிலாவது பூங்கா திறந்த செய்தி வந்தால், படத்தில் நான் முதலில் தேடுவது மரத்தைத்தான். நுழைவு வளைவு இருக்கும், நீரூற்று இருக்கும், வண்ணம் அடித்த சிமென்ட் மான் இருக்கும், தரை முழுக்கப் பேவர் பிளாக் இருக்கும். மரம் மட்டும் இடுப்பு உயரத்தில் ஓரமாக நிற்கும். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அண்மையில் பெங்களூரு கப்பன் பூங்காவில் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு வந்ததும், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். கிருஷ்ணகிரி நகரின் நடுவில், நடந்தே போகிற தூரத்தில், கட்டணம் இல்லாத, பெரிய மரங்கள் உள்ள ஒரு பொதுப் பூங்கா வேண்டும். அந்த நிலத்தில் இனி எந்தக் கட்டடமும் வராது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தருமபுரிக்கும் இதையேதான் கேட்பேன்.

நமக்குப் பூங்காவே இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட) அணையில் பூங்கா இருக்கிறது. அவதானப்பட்டி ஏரியில் படகு இல்லமும் சிறுவர் பூங்காவும் இருக்கின்றன. இரண்டும் நல்ல இடங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போக வண்டி வேண்டும், லீவு வேண்டும், வீட்டோடு கிளம்ப வேண்டும். பர்கூர், வேப்பனப்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினமும் எத்தனையோ பேர் கிருஷ்ணகிரிக்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், கோர்ட்டுக்கு வருகிறார்கள், பத்திரம் பதிய வருகிறார்கள். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வாங்க மத்தியானம் வரை காத்திருக்கிற பெரியவர் எங்கே உட்காருவார்? டீக்கடை பெஞ்சில் ஒரு டீக்கு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? ஐந்து ரோடு ரவுண்டானாவைச் சுற்றி, ஷட்டர் இறக்கிய கடை வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். கையில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். பிரித்துச் சாப்பிட இடம் இருக்காது. பெண்கள் பாடு இன்னும் மோசம். ஊர் நடுவில் பூங்கா இவர்களுக்காகத்தான் வேண்டும்.

மனைவியின் கண் சிகிச்சைக்காகப் பெங்களூரு போயிருந்தோம். மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். காலையில் பார்த்த டாக்டர் சாயங்காலம் மறுபடி வரச் சொன்னார். "அதுவரைக்கும் கப்பன் பார்க்ல உட்காருங்கப்பா, அம்மா கண்ணுக்கும் குளிர்ச்சியா இருக்கும்" என்று மகள் எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். லால்பாக் தாவரவியல் தோட்டம் எங்கள் தொழில்காரர்கள் எல்லாருக்கும் பழக்கமான இடம், மலர்க் கண்காட்சிக்காவது போய் வந்திருப்போம். கப்பன் பூங்காவைப் பஸ்ஸில் கடந்ததோடு சரி. கஸ்தூர்பா சாலையில், சிவப்பு நிற அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இறங்கி உள்ளே நடந்தோம். டிக்கெட் கேட்க ஆள் இல்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை.

தூங்குமூஞ்சி மரங்களைத்தான் முதலில் பார்த்தேன். நம் பக்கத்திலும் சாலையோரம் இருந்த மரம்தான். அங்கே இருப்பவை நூறு வயதை ஒட்டியவை என்று அடிமரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு மரத்தின் கிளை சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கிறது. அதன் நிழலில் கட்டட வேலைக்கு வந்த ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கல்லூரிப் பெண் புல்லில் குப்புறப் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் பைல்களைத் தலைக்கு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், உயர் நீதிமன்றம் பூங்காவின் ஓரத்தில்தானே இருக்கிறது. யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

மூங்கில் தோப்புக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் மனைவியை உட்கார வைத்துவிட்டு, நான் மண்ணைப் பார்த்தேன். தொழில் புத்தி. மூங்கில் சருகை விலக்கினால் கீழே கறுப்பாக மக்கிய மண். விரலை விட்டேன், இரண்டு கணு வரை தடையில்லாமல் இறங்கியது. கையில் எடுத்துப் பிடித்தால் பிடிக்கும், விட்டால் உதிரும். நாற்றுப் பைக்கு இப்படி ஒரு மண் கிடைக்க நாங்கள் செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்து ஆறப்போட்டுக் காத்திருக்கிறோம். அங்கே வருஷக்கணக்காகச் சருகை அதே இடத்தில் மக்க விட்டதால் வந்த மண் அது. நம் ஊரில் சருகைக் கண்டால் உடனே கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டே பூங்காவில் காலை நடை போகிறோம்.

துடைப்பத்தோடு வந்த ஒரு அம்மா நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு நின்றார். "எந்தூருங்கண்ணா?" என்றார். "சந்தூரும்மா, போச்சம்பள்ளிப் பக்கம்" என்றேன். "அட, நம்ம பக்கம்தான். நான் அரூருங்கண்ணா" என்று மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இல்லாத வேலையிடம் பெங்களூரில் ஏது! பேச்சுவாக்கில், மரத்தடியில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லையா என்று கேட்டேன். "ஏங்கண்ணா எழுப்பணும்? ராத்திரி ஷிப்டு முடிச்சிட்டு வந்து படுத்திருப்பாங்க. பெருங்காத்து அடிச்சா மட்டும் கிளை விழும், தள்ளிப் போங்கன்னு சொல்லுவோம்" என்றார். ஒரு பொது இடத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதை அவரைவிடத் தெளிவாக எந்த அதிகாரியும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பூங்காவின் கதையை மகளிடமும் நூலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1870இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி அதை உருவாக்கினார். தொடக்கத்தில் 100 ஏக்கர். அப்போது மைசூரின் பொறுப்பு ஆணையராக இருந்த ஜான் மீட் பெயரில் மீட்ஸ் பார்க் என்றார்கள். பிறகு, 1834 முதல் 1861 வரை ஆணையராக இருந்த மார்க் கப்பன் பெயர் நிலைத்தது. 1927இல் சாமராஜேந்திரா பூங்கா என்று அரசு பெயர் மாற்றியது. மக்கள் இன்றைக்கும் கப்பன் பார்க் என்றுதான் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம், அந்த இடம் அமைந்திருக்கும் விதம். ஒரு பக்கம் பழைய பேட்டை, கன்னடம் பேசும் ஊர். மறுபக்கம் ஆங்கிலேயர் படை இருந்த, தமிழர்கள் நிறையக் குடியேறியிருந்த கண்டோன்மென்ட். இரண்டுக்கும் இடையில் பூங்கா. ஓரத்தில் இருக்கும் உயர் நீதிமன்றக் கட்டடம், அட்டாரா கச்சேரி என்கிறார்கள், 1868இல் முடிந்தது. அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். உள்ளே நூலகமாக இருக்கும் செந்நிற மண்டபம் மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரின் நினைவாக எழுப்பியது. அவர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அருங்காட்சியகம் 1877ஆம் ஆண்டுக் கட்டடம். நேரம் போதாததால் அதற்குள் நுழைந்து நடுகற்களை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பூங்கா குறையே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. நடுவே சாலை போகிறது. வேலை நாட்களில் கார்களும் பைக்குகளும் ஹார்ன் அடித்துக்கொண்டு போகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். நூலகம், அருங்காட்சியகம், ஓவியக்கூடம், சிறுவர் பவன், டென்னிஸ் அரங்கம், கிளப் என்று ஒவ்வொன்றாகப் பூங்கா நிலத்துக்குள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் சொல்லியிருப்பார்கள். நூலகம் வேண்டாம் என்று யார் சொல்வார்? இப்படித்தான் நிலம் குறைகிறது. அதனால்தான் கர்நாடக அரசு 1975இல் அரசுப் பூங்காக்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் பூங்காவின் எல்லையைச் சுருக்கப் பார்த்தபோது ஊர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 150 ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பூங்கா நிற்கிறது என்றால், மரங்களை நட்டவர்களோடு சேர்த்து, கட்டடம் வேண்டாம் என்று விடாமல் சண்டை போட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நம் மாநிலத்தில் இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது, அதுவும் கர்நாடகத்துக்கு முன்பே. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959இலேயே வந்துவிட்டது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் பட்டியல் எடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கிருஷ்ணகிரி நகராட்சியின் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி அலுவலகத்திலும் இணையத்திலும் வைக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தின் வழியே கேட்டுக்கொள்கிறேன். எந்தெந்த நிலம் பூங்காவுக்கானது என்று தெரிந்தால்தான் அதில் யார் என்ன கட்டுகிறார்கள் என்று கேட்க முடியும்.

பெரிய மனைப்பிரிவுகளில் பொது இடத்துக்கென்று 10 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நகரைச் சுற்றிப் புதுசு புதுசாக லே-அவுட் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்த அந்த இடங்களை நேரில் போய்ப் பாருங்கள். பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடக்கும், அல்லது யாரோ ஜல்லி கொட்டி வைத்திருப்பார்கள். மூலையில் ஒரு துருப்பிடித்த சறுக்குமரம் நின்றால் அதிசயம்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்குத் தெரிந்த விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

மைசூர் அரசில் 1908இல் வேலைக்குச் சேர்ந்த க்ரும்பிகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணரைப் பற்றி எங்கள் தொழிலில் பெரியவர்கள் சொல்வார்கள். லண்டனில் கியூ தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, பரோடா வழியாக மைசூருக்கு வந்தவர். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்க வேண்டும், வருஷம் முழுக்கப் பெங்களூரின் தெருக்களில் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்று திட்டமிட்டு நட்டவர் அவர். இன்றைக்கும் அங்கே ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நிறம் இருப்பது அந்தத் திட்டத்தால்தான்.

அதே மரங்களை இங்கே கொண்டுவந்து நட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஓசூருக்கும் கிட்டத்தட்ட அதே உயரம் என்பதால் அங்கே சரிப்படலாம். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் தாழ்வான, வெக்கையான ஊர்கள். சில்வர் ஓக்கும் அரக்கேரியாவும் இங்கே தவித்துப்போகும். நம் மண்ணிலேயே வருஷம் முழுக்கப் பூக்கிற வரிசை ஒன்று இருக்கிறது. தையில் மாமரம் பூக்கும், கூடவே இலவமும். மாசியில் புரசு, இலை எல்லாம் கொட்டிவிட்டுக் கிளை முழுக்கச் செம்மஞ்சளாக நிற்கும். பங்குனியில் புங்கன் துளிர்க்கும், ஊரே காய்ந்து கிடக்கும்போது அந்தப் புதுப் பச்சையைப் பார்த்தாலே தாகம் அடங்கும். சித்திரையில் வேம்பும் சரக்கொன்றையும் வாகையும். வைகாசி, ஆனியில் பூமருது ஊதா நிறத்தில் பூக்கும். மகிழத்துக்கும் பூவரசுக்கும் பெரிதாகக் காலக்கெடு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் ஏழிலைப்பாலையும் மரமல்லியும், சாயங்காலம் ஆனால் தெருமுனை வரை வாசனை வரும். மார்கழியில் மந்தாரை. இந்த வரிசையை எந்த வெளிநாட்டு நிபுணரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. நம் நாற்றங்கால்களில் இந்தக் கன்றுகள் எல்லாம் இருக்கின்றன, இல்லாவிட்டால் விதை போட்டு எடுத்துவிடலாம்.

பறவைக்கு ஆல், அரசு, அத்தி, நாவல் வேண்டும். இலுப்பை கட்டாயம் இருக்க வேண்டும், வௌவால்கள் தேடி வரும். ஆலையும் அரசையும் நடக்கிற பாதைக்குத் தள்ளி, தாராளமாக இடம் விட்டு வைக்க வேண்டும்.

மாமரம் இல்லாமல் கிருஷ்ணகிரியில் பூங்கா என்று ஒன்று இருக்க முடியுமா? வருஷா வருஷம் மாங்கனிக் கண்காட்சி நடத்துகிறோம். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, மல்கோவா, இமாம்பசந்த், நீலம், பீத்தர், காலாப்பாடு என்று மேசை மேசையாக அடுக்கி வைக்கிறோம். கண்காட்சி முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். இந்த ரகங்களுக்கெல்லாம் ஒவ்வொரு தாய்மரம் ஊர் நடுவில், பெயர்ப் பலகையோடு நின்றால் எப்படி இருக்கும்! பள்ளிப் பிள்ளைகள் தையிலிருந்து ஆனி வரை எந்த மாதத்தில் போனாலும் பூவையோ பிஞ்சையோ பழத்தையோ மரத்திலேயே பார்ப்பார்கள். ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டுமரம் காய்ப்புக்கு, அது குட்டையாகப் படரும். நிழலுக்கு என்றால் கொட்டை போட்டு வளர்த்த நாட்டு மாதான். நான் ஒட்டுக்கன்று விற்கிறவன்தான், ஆனாலும் பூங்காவின் நடைபாதைக்கு நாட்டு மாவையே நடச் சொல்வேன். அது பாட்டுக்கு உயர்ந்து, மூன்று தலைமுறைக்கு நிற்கும். பிள்ளைகள் கல் எறிவார்களே என்பார்கள். எறியட்டும். கல் எறிய மாமரம் இல்லாத ஊரில் பிள்ளைகள் வளரக் கூடாது.

எதை நடக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். பூங்கா ஒப்பந்தக்காரர்கள் எங்கள் பண்ணைக்கு வந்தால் முதலில் கேட்பது கோனோகார்பஸ். சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சையாக இருக்கும். திறப்பு விழாவுக்குள் பச்சை தெரிய வேண்டும், அதுதான் அவர்களுக்குத் தேவை. அந்த மரத்தைத் தமிழக அரசு 2025 தொடக்கத்தில் தடை செய்துவிட்டது, நல்ல முடிவு. ஆனால் அதன் இடத்தில் இன்னொரு வேக வளர்ச்சிச் செடியைக் கொண்டுவந்து வைத்தால் பயன் இல்லை. பூங்காவைத் திறப்பு விழாத் தேதியை வைத்துத் திட்டமிட்டால் இப்படித்தான் ஆகும். மகிழம் நிழல் தர எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்பவர்களுக்கு என் பதில், அதனால்தான் இந்த வருஷமே நட வேண்டும்.

பாறையையும் விட்டுவிட வேண்டும். கப்பன் பூங்காவில் தரையிலிருந்து எழும்பி நிற்கும் பாறைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடுகிறார்கள், மழைத் தண்ணீர் அதன் இடுக்கில் தேங்குகிறது. நம் மாவட்டத்தில் பாறையைப் பார்த்ததும் கிரானைட் என்று கணக்குப் போடுகிற பழக்கம் வந்துவிட்டது. சையத் பாஷா மலையடியில் வாழ்கிற ஊருக்குப் பாறையின் அழகை நான் விளக்க வேண்டியதில்லை.

செடி கொடிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து தன் மண்ணில் பழக்குவது இந்த வட்டாரத்துக்கு ரொம்பப் பழைய வழக்கம். இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் பாடியிருக்கிறார். ஹைதர் அலி 1760இல் லால்பாக்கைத் தொடங்கி, டெல்லியிலிருந்தும் லாகூரிலிருந்தும் முல்தானிலிருந்தும் செடிகளை வரவழைத்தார். அவருடைய ஆட்சி நம் கிருஷ்ணகிரிக் கோட்டையிலும் இருந்தது. பெங்களூரில் அதற்குத் தோட்டம் மிஞ்சியது. நமக்கு இடிந்த மதில் மிஞ்சியிருக்கிறது.

தென்பெண்ணையையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக ஆற்றில் சேர்ந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வந்து நிற்பதை உங்கள் நாளிதழே பல முறை படத்தோடு போட்டிருக்கிறது. அதற்காக நாம் போராட வேண்டும், போராடிக்கொண்டும் இருக்கிறோம். அதே நகரத்திடமிருந்து கற்றுக்கொள்ள நல்லது ஒன்று இருக்கும்போது அதையும் எடுத்துக்கொள்ளத் தயங்கக் கூடாது.

பராமரிப்புதான் பெரிய பிரச்சனை என்று சொல்வார்கள், உண்மைதான். கப்பன் பூங்கா அங்கே தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. நம் ஊர்ப் பூங்காக்கள் பெரும்பாலும் பொறியியல் பிரிவின் கையில். பொறியாளர் என்ன செய்வார்? மதில் கட்டுவார், தளம் போடுவார், அது அவருடைய படிப்பு. அவரைக் குறை சொல்லி என்ன ஆகும்? மரம் தெரிந்தவர்கள் கையில் பூங்காவைக் கொடுக்க வேண்டும். நமக்கு அதற்கு ஆள் பஞ்சமே இல்லை. பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திம்மாபுரத்திலும் ஜீனூரிலும் அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் இருக்கின்றன. தளியில் மலர்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. இத்தனை பேர் இருக்கிற மாவட்டத்தின் தலைநகரில் மரத்தைச் சுற்றித் தண்டை ஒட்டிச் சிமென்ட் பூசுகிறார்கள் என்றால் வயிறு எரிகிறது. அடிமரத்தைச் சுற்றி நாலு அடியாவது மண் திறந்திருந்தால்தான் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகும்.

இருட்டில் குடிகாரர்கள் வந்துவிடுவார்கள் என்று இன்னொரு பயம். அதற்காகப் பகல் முழுக்கப் பூட்டி வைத்துவிட்டுச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கிற பூங்காக்கள் உண்டு. வெயில் நேரத்தில் பூட்டிக் கிடக்கும் நிழலால் யாருக்கு என்ன பயன்? ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்துக்குத் தப்பான ஆட்கள் வரத் தயங்குவார்கள். விளக்கு, சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், இரண்டு காவலர்கள் இருந்தால் போதும். கழிப்பறையை நான் மரத்துக்கு அடுத்தபடியாக வைப்பேன். பெண்கள் ஒரு இடத்துக்குத் தைரியமாக வருகிறார்களா இல்லையா என்பது அதைப் பொறுத்துத்தான்.

சரி, இடம்? அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே புதுக் கட்டடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஊருக்குள் காலியாகும் பழைய வளாகங்களில் வேம்பும் புளியும் ஏற்கெனவே வளர்ந்து நிற்கின்றன. அடுத்த வணிக வளாகம் எங்கே கட்டலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், அவற்றில் ஒன்றை மட்டும் பூங்காவுக்கென்று எழுதி வைத்துவிட வேண்டும். 100 ஏக்கர் கேட்கவில்லை. ஐந்து ஏக்கர் கிடைத்தால் கூடப் போதும், அதுவும் இல்லையென்றால் மூன்று. நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது சாலையோரப் புளியமரங்களை இழந்தோம். அதற்கு ஈடாக ஊருக்குள் இந்தச் சின்ன இடத்தையாவது கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியரும் நகராட்சி ஆணையரும் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். உங்கள் நாளிதழும் நகருக்குள் எந்தெந்த அரசு நிலம் காலியாக இருக்கிறது என்று விசாரித்து ஒரு செய்தி வெளியிட்டால் பெரிய உதவி.

இடம் ஒன்று முடிவானால் கன்றுகளுக்கு நான் பொறுப்பு. எங்கள் பண்ணையிலிருந்து நாட்டு மாவும், மேலே சொன்ன ரகங்களில் ஒட்டுக்கன்றும் பணம் வாங்காமல் தருகிறேன். மற்ற மரங்களுக்குச் சந்தூரில் உள்ள பண்ணைக்காரர்களிடம் நானே பேசுகிறேன், மறுக்க மாட்டார்கள். ஒரு அடிக் கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிற வேலை வேண்டாம். ஆளுயரக் கன்றாகத் தருகிறோம். குழி மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். கோடையிலேயே வெட்டி வெயிலில் ஆறப்போட வேண்டும். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, தொழு உரம் கலந்து நிரப்ப வேண்டும். ஆடி, ஆவணி மழைக்கு நட்டுவிட்டால் கார்த்திகைக்குள் வேர் பிடித்துவிடும். குச்சி கட்டி, ஆடு மாடு நுழையாமல் தட்டி அடைத்து, அடுத்த இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் விட ஆள் வேண்டும். அந்த ஆளை நகராட்சி போட வேண்டும். குழி எடுக்கிற அன்று நானும் என் பையனும் கடப்பாரையோடு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர்,
சந்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.